மருந்துப் பாட்டிலில் சுக்கா வாடை

என் மனைவிக்கு வலிப்பு உண்டு. கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "மாப்ள, இவளுக்கு இப்படி ஒண்ணு இருக்கு, பின்னால என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டான். "வேற ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். "வாய் கொஞ்சம் நீளம்" என்றான். இரண்டுக்கும் சரி என்றேன்.

லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்குத்தான் அது சரியாக இல்லை. கள்ளுக்கடையிலிருந்து தவழ்ந்து வருகிறவனை நாலு பேர் தாங்கிப் பிடித்து வீட்டில் விடுவார்கள். இவள் குழாயடிக்கு வந்தால் குடத்தை நகர்த்தி வைப்பார்கள். எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்ளுமாம். நான் நேரில் போய்க் கேட்டேன், "எனக்கு ஒட்டிக்கிச்சா? நான் விழுந்து நீங்க பார்த்தீங்களா?" என்று. குடத்தை மட்டும் தொடர்ந்து நகர்த்தினார்கள்.

எங்கள் ரப்பர் தோட்டம் கோத்தா திங்கி ஊரிலிருந்து மண் பாதையில் ஒன்றரை மணி நேரம். இவள் மரம் வெட்டினாள்; பட்டையைக் கீறிப் பால் எடுப்பதை அப்படித்தான் சொல்வோம். நான் ஸ்டோரில் இருந்தேன். ரப்பர் ஆலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வெட்டுக்காரர்கள் கொண்டுவந்து ஊற்றும் பாலைத் தொட்டியில் வடிகட்டி, தண்ணீர் கலந்து, அது உறைவதற்குப் புளிப்பு மருந்து ஊற்றுவது என் வேலை. அந்தப் புளிப்பு மருந்தை மலாய்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு நாங்களும் சுக்கா என்போம். பெரிய கண்ணாடி ஜாடிகளில், பிரம்புக் கூடைக்குள் வைத்து வரும். குறைத்து ஊற்றினால் பால் உறையாது, கூட்டி ஊற்றினால் ரப்பர் தகடு கல் மாதிரி ஆகிவிடும். இரண்டுக்கும் திட்டு வாங்குகிறவன் நான். ஏழு வருடம் அந்தக் கொட்டகையில் நின்றதில், தொட்டிப் பக்கம் தலையை நீட்டினாலே அளவு சொல்லிவிடுவேன். ஒருமுறை ஜாடி சரிந்து தண்ணீர் கலக்காத சுக்கா என் வலது காலில் கொட்டியது. தோல் வெள்ளையாகி உரிந்து, சதை தெரிந்தது. இரண்டு மாதம் நடக்கவில்லை. அந்த மருந்து சதையை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். டிரெசர் ஐயா என்று கூப்பிடுவோம். சுருட்டு வாயை விட்டு இறங்காது. காயத்துக்குக் கட்டுப் போடும்போதும் சுருட்டு ஓரமாக எரிந்துகொண்டிருக்கும். வெள்ளைக்கார டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். அவர்தான் இவளைப் பார்த்துவிட்டு, தினமும் மூன்று வேளை குடிக்கச் சொல்லித் தண்ணீர் போல ஒரு மருந்து எழுதினார். புரோமைடு என்று பெயர். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என்ன கருமம் இது என்று நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. "உப்புத் தண்ணியைக் குடுத்துட்டுப் பெரிசா மருந்துங்கறான்" என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு உப்புத் தண்ணி என்றே பெயர். காய்ச்சலுக்குக் கொடுப்பதைக் கசப்புத் தண்ணி என்பார்கள், இருமலுக்குக் கொடுப்பது கறுப்புத் தண்ணி, அதுபோல இது. பெயர் வைத்தவன் நான். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மருந்து வேலை செய்தது. வாரம் ஒருமுறை விழுந்தவள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விழுந்தாள். முகத்தில் பருக்கள் வந்தன, மத்தியானத்தில் தூக்கம் வரும், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பதும் இல்லாமல் போகட்டும் என்று இவள் ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதில் தப்பு இல்லை. அந்த வருடம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு விரதம் பிடிக்கிறேன் என்றாள். காப்புக் கட்டுவதற்கு முன்பே, மாதப் பிறப்பிலிருந்தே தொடங்கிவிட்டாள். ஒரு வேளைச் சாப்பாடு, உப்பில்லாமல். எனக்கு உப்புப் போட்டுத் தனியாக ஆக்கி வைப்பாள். விரதம் முடியும் வரைக்கும் என்னை ஸ்டோர் கொட்டகையில் போய்ப் படுக்கச் சொன்னாள். போனேன். காப்புக் கட்டிய பிறகு கோயிலில் ராத்திரி முழுக்க உடுக்கை அடி, பாட்டு. இவள் தூங்கியிருக்கவே மாட்டாள்.

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் ஒன்பது மணி தாண்டியிருக்கும், ஸ்டோர் வாசலில் இவள் அண்ணன் வந்து மூச்சு வாங்க நின்றான். அவனும் வெட்டுக்காரன், இவளுக்கு ரெண்டு மர நிரை தள்ளி.

"மாப்ள, விழுந்துட்டா."

"விழுந்தா எழுந்திரிப்பா. வாயைத் தொடச்சுட்டுப் பக்கத்துல உட்கார வேண்டியதுதானே? எதுக்கு ஓடி வந்த?"

"எழுந்திரிக்க மாட்டேங்கறா மாப்ள. நின்னு நின்னு இழுக்குது. சாக்குல போட்டுத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க."

நான் கையில் இருந்த, பால் கலக்கும் துடுப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரி என்றால் தகரக் கூரை போட்ட பலகை வீடு. எட்டுக் கட்டில். வாசலில் பத்துப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இவளுடைய பக்கத்து நிரைக்காரி, தன் வாளியையும் இவள் வாளியையும் தூக்கிக்கொண்டு வந்து படியில் வைத்திருந்தாள். ஆள் போனாலும் பால் போகக்கூடாது, எங்களுக்கு அப்படிப் பழக்கம்.

உள்ளே கட்டிலில் இவள் வில் போல வளைந்து கிடந்தாள். கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். பல்லுக்கு நடுவில் ஒரு கரண்டி. உதட்டில் ரத்தம்.

"ஆரடா இந்தக் கரண்டியை வைச்சது?" டிரெசர் கத்தினார். "பல்லு உடைஞ்சு உள்ளுக்குப் போச்செண்டால் மூச்சடைச்சுச் சாவாள். எடு வெளியாலை!"

அண்ணன் கரண்டியை உருவினான். டிரெசர் அவளைப் பக்கவாட்டில் புரட்டி, நுரையைத் துடைத்து, தலையைத் தாழ்த்திப் பிடித்தார். இழுப்பு நின்றது. அப்பாடா என்று நான் நினைத்த நேரத்தில் கண் மேலே சொருகி, மறுபடி தொடங்கியது. நடுவில் அவள் விழிக்கவே இல்லை.

"வந்ததிலையிருந்து இது ஆறாம் முறை" என்றார் டிரெசர். "ஒண்டு முடிய முதல் மற்றது வருது. இப்பிடியே விட்டால் பொழுதுபட முதல் ஆள் முடிஞ்சிடும். ஏன் திடீரெண்டு இப்பிடி? மருந்து ஒழுங்காக் குடிச்சவளோ?"

"மூணு வேளையும் குடிக்கறாய்யா. ஒரு நாள் தவறினதில்ல" என்றேன் நான்.

அவள் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "இல்ல மாப்ள. மாசப் பொறப்புலேர்ந்து குடிக்கல."

"என்னது?"

"உப்பில்லா விரதம்ல? உப்புத் தண்ணியைக் குடிக்கலாமா? காப்புக் கட்டினவ வாயில உப்புப் பட்டா அம்மன் சும்மா இருக்குமா? எங்கிட்டதான் கேட்டா. வேணாம்னுட்டேன். உனக்குத் தெரிஞ்சா கத்துவேன்னு, வாரா வாரம் பாட்டிலை வாங்கியாந்து சாக்கடையில ஊத்திட்டா."

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். டிரெசர் நடுவில் வந்து என் கையைத் தட்டிவிட்டார். "உனக்கென்ன விசரோ? சண்டை பிடிக்கிற இடமோ இது? அடிபிடிப்படுகிறதெண்டால் றோட்டுக்குப் போ. பெண்சாதி உயிரோடை வேணுமெண்டால் இஞ்சை நில்." என் கை இறங்கிவிட்டது. அடிக்க வேண்டிய ஆள் நான்தான் என்று அப்போதே தெரிந்தது. மூன்று வாரமாக மருந்தை அவள் சாக்கடையில் ஊற்றியிருக்கிறாள், நான் கொட்டகையில் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன்.

தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவிலிருந்து டாக்டருக்குப் போன் போட்டார்கள். அவர் வேறு ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தார், வர சாயங்காலம் ஆகும். லாரி ரப்பர் ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தது. ஆகவே டிரெசரே முடிவு எடுத்தார். மருந்து அலமாரியைத் திறந்து ஒரு பழுப்பு நிறப் பாட்டிலை எடுத்தார். அந்த மருந்தின் பெயர் பரால்டிஹைட். பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"இது உள்ளுக்குப் போனால் இழுப்பு அடங்கும். வாயாலை குடுக்கேலாது, புரைக்கேறிச் சாவாள். ரப்பர்க் குழாய் வைச்சுப் பின்பக்கத்தாலை ஏத்தோணும். எங்கை ஆயா?"

ஆஸ்பத்திரி ஆயா தோட்டத்தின் இரண்டாம் டிவிஷனில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தாள். டிரெசர் வாசலைப் பார்த்து, "பெண்ணாள் ஒருத்தி வாங்கோ" என்றார். பத்துப் பேரும் இரண்டு அடி பின்னால் போனார்கள்.

"காப்புக் கட்டின உடம்பு ஐயா" என்றாள் ஒருத்தி. "அம்மன் இருக்கற உடம்பு. நாங்க அந்த மாதிரி இடத்துல கை வைக்க மாட்டோம்."

"அண்ணன்காரன் நான் இங்க நிக்கறேன்" என்றான் இவன். "எந்தங்கச்சிக்கு அந்தப் பக்கமா மருந்து ஏத்தறதா? நாளைக்கு எவன் மூஞ்சியில நான் முழிக்கிறது? வேற வழி பாருங்க."

"வேறை வழி இருந்தால் நான் ஏன்டா இதைச் சொல்லுறன்?"

"நான் பண்றேன்" என்றேன் நான். "சொல்லிக் குடுங்க. மச்சான், நீ வெளிய போ. எல்லாரும் வெளிய போங்க."

"மாப்ள, நீயும் தொடக்கூடாது. காப்பை அறுத்துட்டாவது தொடு."

"அறுக்க மாட்டேன். அவ ஆசைப்பட்டுக் கட்டினது. அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன், நீ நடையைக் கட்டு."

அவனைப் பிடித்துத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். மறைப்புத் துணியை இழுத்துவிட்டேன். டிரெசர் ஒரு பீங்கான் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி வைத்தார். அதில் கலப்பதற்குப் பழுப்புப் பாட்டிலின் தக்கையைத் திருகினார். தக்கை பாதியாக அரித்துப்போய், விரலில் பிய்ந்து வந்தது. அவர் மருந்தை அளவுக் கண்ணாடியில் ஊற்றிக் கிண்ணத்தின் மேல் சாய்க்கப் போனார்.

வாடை அடித்தது. ஏதோ புதுசாக இருந்திருந்தால் ஆஸ்பத்திரி நாற்றம் என்று விட்டிருப்பேன். இது என் கொட்டகை வாடை. கூடை ஜாடியின் மூடியைத் திறந்தால் கண்ணைக் கரிக்க முகத்தில் வந்து அறையுமே, அதே வாடை.

அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"ஐயா, ஊத்தாதீங்க. இது சுக்கா."

"கையை விடு!"

"விட மாட்டேன். இது மருந்தில்ல, சுக்கா. பால் ஒறைய ஊத்தற சுக்கா."

"எட, என்ன கதை கதைக்கிறாய்? லேபல் ஒட்டியிருக்கு, வாசிக்கத் தெரியாதோ? இந்த மருந்துக்கு வாடை இருக்கும்தான். சாராயம் மாதிரி மணக்கும்."

"சாராய வாடை கீழ கொஞ்சம் இருக்கு. மேல இருக்கறது சுக்கா. நீங்களே மோந்து பாருங்க."

அவர் முகர்ந்தார். இரண்டு முறை முகர்ந்தார். "எனக்கு ஒண்டும் வித்தியாசமா மணக்கேல்லை."

"சுருட்டு குடிச்சுக் குடிச்சு உங்க மூக்கு செத்துப் போச்சு!"

ஒரு கூலிக்காரன் டிரெசரிடம் அப்படிப் பேசுவது அந்தக் காலத்தில் நடக்காது. அவர் முகம் கறுத்தது. "நான் இருபது வருசமா மருந்து கலக்கிறன். நீ தொட்டி கழுவுற ஆள். உன்ரை பெண்சாதி இஞ்சை சாகிறாள், நீ எனக்குப் பாடம் எடுக்கிறாய். விலகு!"

கட்டிலில் அவள் மறுபடி இழுத்தாள். கட்டில் கால் பலகையில் டக் டக் என்று அடித்தது. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் எனக்கும் பயம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் சொல்வது தப்பாக இருந்தால் அவளைக் கொன்றவன் நான். அவர் சொல்வது தப்பாக இருந்தால், என் காலை உரித்தது அவள் குடலுக்குள் போகும்.

கதவைத் திறந்து படியில் இருந்த அவளுடைய வாளியைத் தூக்கி வந்தேன். அன்று காலையில் அவள் வெட்டி எடுத்த பால், பாதி வாளி. இரண்டு பீங்கான் கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினேன். டிரெசர் கையிலிருந்த அளவுக் கண்ணாடியை வாங்கி, ஒரு கிண்ணத்தில் மட்டும் கொஞ்சம் சாய்த்துக் குச்சியால் கலக்கினேன்.

பால் குச்சியைச் சுற்றிச் சுருண்டது. ஐந்தாறு சுற்றுச் சுற்றுவதற்குள் வெள்ளையாகக் கட்டி பிடித்துக் குச்சியோடு எழுந்து வந்தது. குச்சியைத் தூக்கி அவர் கண்ணுக்கு நேரே காட்டினேன். மற்றக் கிண்ணத்தில் பால் அப்படியே இருந்தது.

"இத அவ வயித்துக்குள்ள விடப் போறீங்களா?"

டிரெசர் வாயிலிருந்து சுருட்டை எடுத்தார். நான் பார்த்து அவர் தானாக அதை எடுத்தது அன்றுதான். கட்டியை விரலால் நசுக்கினார். நீர் சொட்டியது.

"கடவுளே" என்றார். "பழுதாப் போச்சு. வெயிலிலை நிண்டு மருந்தே புளிப்பா மாறிப் போச்சு."

"வேற இருக்கா?"

"பெட்டிக்குள்ளை புதுசு ஒண்டு இருக்கு. பழசு முடியாமல் திறக்கக்கூடாதெண்டு உத்தரவு..."

அவர் சொல்லி முடிக்கும் முன் பெட்டியை நான் இழுத்துவிட்டேன். வைக்கோலுக்குள் இருந்தது. மூடியில் மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். அதைப் பல்லால் கடித்துத் துப்பினேன். முகர்ந்தேன். காரமான சாராய வாடை, அழுகின பழம் போல. சுக்கா இல்லை. மிச்சமிருந்த கிண்ணத்துப் பாலில் சில சொட்டு விட்டேன். எண்ணெய் போல மேலே நின்றது, பால் பாலாகவே இருந்தது.

"இது சரி. ஊத்துங்க."

அவர் அளந்தார், எண்ணெயில் கலந்தார். குழாயின் நுனியில் எண்ணெய் தடவிக் கொடுத்தார். இடது பக்கமாகப் படுக்க வை, முழங்காலை மடக்கு, மெதுவாக, இன்னும் கொஞ்சம், போதும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். அவர் புனலைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார். அவள் மானத்துக்காக அந்த மனிதர் அப்படித் திரும்பி நின்றதை நான் இன்றும் மறக்கவில்லை. ஏற்றி முடித்ததும் மருந்து வெளியே வராமல் துணி வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது.

ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. இன்னொரு முறை இழுத்தது. பத்து நிமிடம் ஆனபோது இழுப்பில் பலம் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. பிறகு ஒரு கை மட்டும் துடித்தது. பிறகு விரல்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், விரல்களும் நின்றன. அவள் வாயிலிருந்து அந்தப் பழ வாடை மூச்சில் வந்தது. மருந்து உடம்பில் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்றார் டிரெசர். நாடியைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்தார். சாப்பிடப் போகவில்லை. நான் அவள் நாக்கு பின்னால் விழாமல் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

டாக்டர் வந்தார். அவளைச் சோதித்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். டிரெசர் அவரிடம் இங்கிலீஷில் நீளமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே என்னைக் கையால் காட்டினார். குச்சியில் சுற்றிய கட்டியைக் காட்டினார். பழைய பாட்டிலைக் காட்டினார். தன் மேல் தப்பு இருந்ததை அவரே வாயால் சொன்னார் என்று அவர் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. வேறு ஒருவராக இருந்தால் பாட்டிலைச் சத்தமில்லாமல் சாக்கடையில் ஊற்றியிருப்பார். டாக்டர் பாட்டிலை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். என் பக்கம் திரும்பி நாலு வாக்கியம் பேசினார்.

"தொர என்னய்யா சொல்றாரு?"

"நல்ல மூக்கெண்டார்."

"நாலு வாக்கியம் பேசினாரே?"

"மிச்சம் எனக்கு ஏச்சு" என்றார் டிரெசர்.

மறுநாள் மத்தியானம் கண் விழித்தாள். முதலில் தண்ணீர் கேட்டாள். அப்புறம் தன் மேல் வீசும் வாடையை முகர்ந்து, "எனக்குச் சாராயம் ஊத்தினீங்களா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன், குழாய் உட்பட. நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. அவள் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் இருக்கும்போதா?"

"எல்லாரையும் வெளிய தள்ளிட்டேன். டிரெசர் செவுத்தப் பார்த்துட்டு நின்னாரு."

"காப்பு?"

"கையிலதான் இருக்கு, பாரு."

போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிப் பார்த்தாள். அப்புறம் போர்வையைப் படாரென்று விலக்கினாள். கண்ணில் அத்தனை கோபம்.

"மருந்தை ஏன் நிறுத்தினேன்னு எல்லாரும் என்னையத்தானே ஏசுவாங்க? உப்புத் தண்ணின்னு பேரு வச்சது யாரு? நானா? மருந்துன்னு சொல்லியிருந்தா மருந்தாக் குடிச்சிருப்பேன். கண்டதுக்கும் பேரு வைக்கறது, அப்புறம் எங்கண்ணன அடிக்கப் போறது."

பக்கத்துக் கட்டிலில் கால் புண்ணோடு படுத்திருந்த கிழவர் சிரித்துவிட்டார். என்னைத் திட்டுவதற்கு அவள் இருக்கிறாளே என்று நெஞ்சு நிறைந்து நின்றேன். என் வாழ்நாளில் வேறு எந்த ஏச்சும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

அன்று மாலையே டிரெசர் புரோமைடை மறுபடி தொடங்கினார். கோயில் பூசாரியையும் கையோடு கூட்டிவந்து, "மருந்து விரதத்திலை சேராது" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தார். பூசாரிக்கு அதில் ஆட்சேபணையே இல்லை. "என்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்றார். கேட்காமல் போனது யார் தப்பு என்று நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

ஒரு விஷயத்தை இங்கே எழுதிவிட வேண்டும். ஸ்டோரில் இருந்தவர்கள் பிறகு என்னைக் கேலி செய்தார்கள், டிரெசருக்கே டிரெசர் என்று. செய்யட்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் என் வேலை எனக்குத் தெரியும். தொட்டி கழுவுகிறவன் என்று அவர் சொன்னாரே, அந்தத் தொட்டியடியில்தான் இந்த மூக்கு எனக்குக் கிடைத்தது. வலிப்புக்காரியைக் கட்டினவன் என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள் எல்லாரும் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே நின்றது நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

மூன்றாம் நாள், திருவிழா அன்று காலை, அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையைப் பிடிக்கப் போனேன். "நான் என்ன நொண்டியா?" என்று தட்டிவிட்டு முன்னால் நடந்தாள். முடியாமல்தான் நடந்தாள், தெரிந்தது. ஆனால் முன்னால் நடந்தாள். லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பச்சை மூங்கில் கிடந்தது. கணு செதுக்கி, ஓர் ஆள் நீளத்துக்கு மேல் வெட்டி, பக்கத்தில் கயிறும் சுருட்டி வைத்திருந்தார்கள். அண்ணன் அதை ஓடி வந்து காலால் மறைக்கப் பார்த்தான். இரண்டு மூங்கிலை ஒரு காலால் எப்படி மறைப்பது?

"இது யாருக்கு?" என்று கேட்டாள்.

அண்ணன் மூங்கிலிலிருந்து காலை எடுத்தான். "அன்னைக்கு எல்லாரும் முடிஞ்சுதுன்னு சொன்னாங்க... பசங்க பாராங் கத்தியை எடுத்துட்டு வெட்டப் போயிட்டானுங்க... நான் வேணாம்னுதான்..."

"உனக்குத்தான் வெட்டினாங்க" என்றேன் நான்.

அவள் குனிந்து ஒரு மூங்கிலின் முனையைத் தூக்கிப் பார்த்தாள். வளைத்துப் பார்த்தாள். கணுவில் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"நல்லா முத்தின மூங்கில். பின்கட்டுல துணி காயப்போடற கொம்பு எப்பவோ ஒடிஞ்சு கெடக்கு" என்றாள். பிறகு அண்ணனிடம், "கயித்தையும் எடுத்துட்டு வா. நின்னு வேடிக்கை பார்க்கறியே, வெட்டினவந்தானே கட்டணும்?"

அவன் கட்டினான். நான் கொம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் தாழ்ந்திருக்கு, அந்தப் பக்கம் தூக்கு என்று எங்கள் இருவரையும் லயம் முழுக்கக் கேட்கும்படி ஏசிக்கொண்டிருந்தாள்.